பட்டியலில் இருந்து எடுக்கப்பட்ட படம்: யாழ்ப்பாணத் திரைப்பட விழாவை முன்வைத்துச் சில குறிப்புகள்

கடலே இல்லாத தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு கடலோர ஊர்த் திரைப்பட விழாவைப் பற்றி என்ன எழுத்து என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்களுக்கு வாய்த்த தண்ணீர் ஒகேனக்கல் தண்ணீர். ஆனால் கொஞ்ச நாளாகவே இங்கே சில நண்பர்களிடம் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது: "நம்ம ஊர்லயும் வருஷத்துக்கு மூணு நாள் நல்ல படமா போடலாமே?" பேச்சு உடனே மண்டபம், புரொஜெக்டர், போலீஸ் அனுமதி, சாப்பாட்டுச் செலவு என்று போய்விடும். ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. நம்ம ஊரே பார்க்க விரும்பாத படம் ஒன்று பட்டியலில் வந்தால் என்ன செய்வோம்?

இந்தக் கேள்வியை நேருக்கு நேராகச் சந்தித்த விழா யாழ்ப்பாணத்தில் நடப்பது. அதனால்தான் அதைப் பற்றி எழுதுகிறேன். விழாவின் முழு வரலாறு இது இல்லை. 2018-ல் அங்கே நடந்த ஒரு விஷயத்தையும், அது நமக்கு என்ன சொல்லுது என்பதையும் மட்டும் பார்க்கலாம்.

ரயிலுக்குப் பின்னால் வந்த விழா

யாழ்ப்பாணம் சினிமா இல்லாமல் இருந்த ஊர் அல்ல. ராஜா, மனோகரா, ரீகல், வின்சர் என்று படமாளிகைகளின் பெயரை இன்றைக்கும் வரிசையாகச் சொல்லும் தலைமுறை அங்கே உண்டு. எம்.ஜி.ஆர். படத்துக்கும் சிவாஜி படத்துக்கும் மதுரையில் என்ன நடந்ததோ அது அங்கேயும் நடந்தது. தங்களுக்கென்று ஒரு சினிமாவை உருவாக்கும் முயற்சியும் இருந்தது. 1978-ல் வந்த 'வாடைக்காற்று', செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி, நெடுந்தீவு மீனவர்களின் வாழ்க்கையைப் படமாக்கியது. அதே காலத்தில் தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் 'பொன்மணி'யைத் தமிழில் எடுத்தார். யாழ்ப்பாணச் சமூகத்தின் சீதனத்தையும், சாதி தாண்டிய காதலுக்கு என்ன கதி என்பதையும் பேசிய படம். வசூலில் தோற்றது. வெளியிலிருந்து வந்த ஒருத்தர் கண்ணாடியைக் காட்டினால் ஊர் எப்படி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்பதற்கு அது ஒரு பழைய உதாரணம். இதைப் பிறகு மறுபடியும் தொடுவோம்.

அப்புறம் போர். மின்சாரம் இல்லாத வருடங்கள். 1990-ல் யாழ்தேவி ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குப் போயின. ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 2014 அக்டோபரில். அடுத்த வருடம், 2015-ல், யாழ்ப்பாணம் சர்வதேச சினிமா விழா தொடங்கியது. அதன் இயக்குநர் அனோமா ராஜகருணா. அவர் தெற்கிலிருந்து வந்த சிங்களப் பெண், படமும் எடுப்பவர், புகைப்படக்காரரும்கூட.

இந்த வரிசையைக் கவனிச்சுப் பாருங்க. முதலில் ரயில், பிறகு விழா. இரண்டையுமே "இயல்பு நிலை திரும்பிவிட்டது" என்பதற்கு அடையாளமாக ஒருத்தர் காட்டலாம். "எங்கள் காயத்தின் மேல் போடும் பூச்சு" என்று இன்னொருத்தர் சந்தேகப்படலாம். விழா தொடங்கிய நாளிலிருந்தே இந்த இரண்டு பார்வைக்கும் நடுவில்தான் நடந்துகொண்டிருக்கிறது. அரசு நடத்தும் விழாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது யாரையும் நம்பவைக்க வேண்டியதில்லை. சுயாதீன விழாவுக்கு இருக்கும் ஒரே முதல் நம்பிக்கைதான்.

2018

நான்காவது ஆண்டு விழாவின் பட்டியலில் 'டீமன்ஸ் இன் பாரடைஸ்' இருந்தது. இயக்குநர் ஜூட் ரட்ணம், இலங்கைத் தமிழர். 2017-ல் கான் விழாவில் சிறப்புத் திரையிடலாகக் காட்டப்பட்ட ஆவணப்படம். போராட்டத்தைக் கொச்சைப்படுத்துகிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. படம் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது.

அப்படி என்ன இருக்கிறது அந்தப் படத்தில்? 1983 ஜூலையில், கொழும்பில் தமிழர்களை வேட்டையாடியபோது, ஐந்து வயதுப் பையனாக ரயிலேறி வடக்கே தப்பியவர் ஜூட் ரட்ணம். பெரியவரான பிறகு அதே பாதையில் கேமராவுடன் பயணம் போகிறார். கூடவே அவருடைய சொந்தக்காரர் ஒருவர். ஒரு காலத்தில் ஆயுத இயக்கமொன்றில் இருந்து, பிறகு கனடா போய்ச் சேர்ந்தவர். அவர் தன் பழைய ஆட்களைத் தேடிப் போகிறார். கலவரத்தில் தனக்கு அடைக்கலம் கொடுத்த சிங்களக் குடும்பத்தைப் பார்க்கிறார். வெவ்வேறு இயக்கங்களில் இருந்த பழைய போராளிகள் ராத்திரியில் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள். எதிரியைப் பற்றி அல்ல, தங்களுக்குள் நடந்த கொலைகளைப் பற்றி. 1986-ல் விடுதலைப் புலிகள் டெலோ இயக்கத்தை அழித்ததுதான் அந்தப் பேச்சின் நடு மையம். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் தமிழ் இளைஞர்களாலேயே கொல்லப்பட்ட சம்பவம் அது.

படத்தின் பலம் அந்த ராத்திரிப் பேச்சு. அதில் யாரும் வசனம் பேசவில்லை. முப்பது வருடம் தொண்டையில் கிடந்ததைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருக்கும் மனிதர்கள். செய்தவனும் தப்பியவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத் தமிழ்த் திரையில் நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? நம்ம சினிமாவில் துரோகி என்றால் கடைசி ரீலில் சாக வேண்டியவன். இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள், வயதாகிவிட்டது, பேசித்தான் ஆகணும்.

படத்தின் பலவீனமும் சொல்லப்பட வேண்டும். தலைப்பிலேயே அது தொடங்குகிறது. இலங்கையைச் 'சொர்க்கம்' என்று அழைப்பது சுற்றுலாக்காரரின் மொழி. குருநகரில் வலை இழுக்கும் ஒருத்தர் தன் கரையைச் சொர்க்கம் என்று சொல்ல மாட்டார். அப்புறம் 'பேய்கள்'. அரசியலாக நடந்ததைப் பேய் பிடித்த கதையாகச் சொன்னால், காரணம் தேட வேண்டிய இடத்தில் மந்திரிப்பதுதான் மிஞ்சும். தவிர, படத்தின் எடை முழுக்க உள்மோதலின் பக்கம் சாய்கிறது. 1983-ல் தொடங்கும் படம் 2009-க்குக் கொடுக்க வேண்டிய எடையைக் கொடுக்கவில்லை. முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், "முதலில் உன் தவறைப் பார்" என்று இந்தப் படம் தன்னிடம் சொல்வதாக எடுத்துக்கொண்டால், அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எதிர்த்தவர்களின் நியாயம்

இந்த இடத்தில்தான் நம் பக்கத்து விமர்சகர்கள் வழக்கமாகச் சறுக்குகிறார்கள். "கருத்துச் சுதந்திரம்" என்ற ஒரு வார்த்தையை எடுத்து வீசிவிட்டுப் போய்விடுகிறார்கள். எதிர்த்தவர்கள் எல்லாரும் சினிமா தெரியாத வெறியர்கள் என்கிற மாதிரி. அப்படி இல்லை.

அவர்கள் வாதத்தின் சாரத்தை என்னுடைய வார்த்தையில் சொல்கிறேன். அரசு செய்த குற்றத்துக்கு இன்னும் ஒரு தீர்ப்பு வரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் தெருவோரத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரைச் சுற்றி இராணுவ முகாம்கள். இந்த நிலைமையில், போராடியவர்களின் தவறை மட்டும் உலக மேடைகளில் காட்டினால், அதனால் லாபம் யாருக்கு? நீதி கிடைத்த பிறகு சுயவிமர்சனம் செய்யலாம். அதற்கு முன்னால் செய்வது எதிராளிக்குச் சாட்சி சொல்வது மாதிரி ஆகிடும்.

இது வலுவான வாதம். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. 'நீதி வந்த பிறகு' என்று யார் சொல்வது, எத்தனை நாளைக்குச் சொல்வது? 1986-ல் கொல்லப்பட்ட பையனின் தாயும் தாய்தானே. அவளுக்கும் தீர்ப்பு வரவில்லை. 1989 செப்டம்பரில் யாழ்ப்பாணத்துத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்ட ராஜினி திரணகம, அரசு, இந்திய அமைதிப்படை, இயக்கங்கள் என்று எல்லார் செய்ததையும் ஒரே நோட்டில் எழுத வேண்டும் என்று நினைத்தவர். 'முறிந்த பனை'யின் ஆசிரியர்களில் ஒருவர். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரம். இவர்கள் எல்லாரையும் வரிசையில் கடைசியில் நிற்கச் சொல்வதற்கு ஒரு சமூகத்துக்கு உரிமை உண்டா? வரிசை நகரவே இல்லை என்றால்?

யார் எடுக்கிறார்கள் என்பது முக்கியம்

ஒரு படம் விழாவிலிருந்து போவது புதுசில்லை. ஆனால் எல்லாப் போதலும் ஒன்று அல்ல.

2017-ல் கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில் இந்தியன் பனோரமா நடுவர் குழு தேர்ந்தெடுத்த 'எஸ் துர்கா', 'நியூட்' இரண்டையும் ஒன்றிய அமைச்சகம் எடுத்துவிட்டது. நடுவர் குழுத் தலைவர் சுஜோய் கோஷ் ராஜினாமா செய்தார். 'எஸ் துர்கா'வைக் காட்டச் சொல்லிக் கேரள உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டும் படம் அங்கே காட்டப்படவில்லை. அதுவும் கடலோர ஊர் விழாதான். ஆனால் அங்கே எடுத்தது அரசு. எதிரி யார் என்று தெளிவாகத் தெரிகிறது. கோர்ட்டுக்குப் போகலாம், ராஜினாமா செய்யலாம், கண்டனக் கூட்டம் போடலாம். அதே வருடம் நம்ம ஊரில் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்குப் பல இடங்களில் போலீஸ் திரையிடல் அனுமதி மறுத்தது. அங்கேயும் யாரைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை.

2014 ஜூனில் சென்னையில் நடந்தது வேறு வகை. பிரசன்ன விதானகேயின் 'வித் யூ, வித்தவுட் யூ' படம். ஒரு தமிழ்ப் பெண்ணுக்கும், முன்னாள் சிங்களச் சிப்பாய்க்கும் நடக்கும் கல்யாணம், அது உடைந்துபோகும் கதை. அரசு தடுக்கவில்லை, சென்சார் தடுக்கவில்லை. மிரட்டல் வந்தது, தியேட்டர்காரர்கள் காட்சியை நிறுத்தினார்கள். இயக்குநர் சிங்களவர் என்பதே பலருக்குப் போதுமான காரணமாக இருந்தது.

2018 யாழ்ப்பாணம் இந்த இரண்டிலிருந்தும் வேறுபடுகிறது. படம் எடுத்தவர் தமிழர். எதிர்த்தவர்கள் தமிழர்கள். படம் பேசுவதும் தமிழர்கள் தமிழர்களுக்குச் செய்ததை. விழாவை நடத்தியவர்தான் சிங்களவர். ஊர் வேண்டாம் என்று சொல்லும்போது, வெளியூர்க்காரர், அதுவும் அந்த இனத்தைச் சேர்ந்தவர், "இல்லை, காட்டியே தீருவேன்" என்று நின்றால் அது எப்படித் தெரியும்? போலீஸ் பாதுகாப்பு கேட்டால்? தமிழர்களுக்குத் தமிழ்ப் படத்தைக் காட்ட ஸ்ரீலங்கா போலீஸ் காவல் நிற்கிற காட்சியை யோசித்துப் பாருங்கள். அந்தக் குழுவின் கை எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்பது அப்போதுதான் புரியும். படத்தை எடுத்ததை நான் ஏற்கவில்லை. ஆனால் கோழைத்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடவும் மாட்டேன்.

எதிலிருந்து சுயாதீனம்?

நம்மிடம் 'சுயாதீனம்' என்றால் பெரும்பாலும் காசுக் கணக்கு. கார்ப்பரேட்டிடம் வாங்காதே, அரசிடம் வாங்காதே. இதற்கு நம்ம மூதாதை ஜான் ஆபிரகாம். கோழிக்கோட்டைச் சுற்றி இயங்கிய ஒடெசா குழு சாப்ளினின் 'தி கிட்' படத்தை ஊர் ஊராகப் போட்டுக் காட்டி, மக்களிடம் சில்லறை சேர்த்து, 'அம்ம அறியான்' எடுத்தது. 1986-ல் வந்த அந்தப் படத்தின் கதை இன்றைக்கும் நமக்கு உற்சாகம் தருகிறது, தரணும்.

ஆனால் அதே ஜான் ஆபிரகாம் தமிழில் எடுத்த 'அக்ரஹாரத்தில் கழுதை'க்கு என்ன ஆச்சு? 1977-ல் வந்த படம், தேசிய விருதும் வாங்கியது. 1989-ல் தூர்தர்ஷனில் போடுவதாக இருந்து, எதிர்ப்பு காரணமாகக் கடைசி நேரத்தில் போடாமல் விட்டார்கள். காசு ஒரு கயிறு. சொந்தச் சமூகத்தின் மனக்குறை இன்னொரு கயிறு. முதல் கயிற்றை அறுப்பது எப்படி என்று ஒடெசா சொல்லிக்கொடுத்தது. இரண்டாவதற்குத்தான் நம்மிடம் பாடத்திட்டம் இல்லை. மக்களிடம் காசு வாங்கி நடத்தும் விழாவுக்கு இந்த இரண்டாவது கயிறு இன்னும் இறுக்கமாக இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லணும். உண்டியலில் பத்து ரூபாய் போட்டவர், "என் காசுல என்னையே திட்டுற படமா?" என்று கேட்பார். கேட்க அவருக்கு உரிமையும் இருக்கு.

வாச்சாத்தியும் நாயக்கன்கொட்டாயும்

இப்போது எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன்.

1992 ஜூன் 20, வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஒரு பழங்குடி ஊருக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம், அப்போது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023-ல் அதே செப்டம்பர் 29-ம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இதைப் பற்றி ஒரு படத்தை தருமபுரியில் போட்டால் என்ன நடக்கும்? மண்டபம் நிறையும். கை தட்டுவோம், கண் கலங்குவோம். குற்றவாளி அரசு, தீர்ப்பும் வந்தாச்சு, நாம் எல்லாரும் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம்.

2012 நவம்பர் 7, நாயக்கன்கொட்டாய் பகுதி. சாதி தாண்டிய ஒரு திருமணத்தைச் சாக்காக வைத்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. இதைப் பற்றிய ஒரு படத்தை அதே மண்டபத்தில் போட முடியுமா? இங்கே வனத்துறை இல்லை, சீருடை இல்லை. பக்கத்து ஊர்க்காரர், ஒரே பஸ்ஸில் வருகிறவர், ஒரே சந்தையில் தக்காளி விற்கிறவர். மண்டபம் கொடுப்பவர் யோசிப்பார். "இப்பத்தான் கொஞ்சம் அமைதியா இருக்கு, எதுக்கு மறுபடி கிளறணும்?" என்பார்கள். நல்ல மனசோடதான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்திலும் பலர் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார்கள்.

இரண்டும் ஒரே மாதிரி என்று சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் எதிர்த்தவர்கள் ஒடுக்கப்பட்ட ஒரு இனத்தின் ஆட்கள். இங்கே எதிர்க்கப் போகிறவர்கள் மாவட்டத்தில் பலமானவர்கள். அந்த வித்தியாசம் பெரியது. அதனால்தான் யாழ்ப்பாணத்தை நோக்கி விரல் நீட்ட நமக்குத் தகுதி இன்னும் குறைவு. அவர்களுக்காவது 'நீதி வரவில்லை' என்ற காரணம் இருக்கு. நம்மிடம் இருப்பது சங்கடம் மட்டும்தான். அரசைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் படத்தைக் காட்ட, போலீஸ் அனுமதி மறுக்கிற அளவுக்கு, தைரியம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரும் பார்வையாளராக உட்கார்ந்திருக்கும்போது அவரைப் பற்றிய படத்தைக் காட்ட, தைரியம் மட்டும் போதாது. அதற்கு ஒரு முறை வேண்டும்.

சரி, என்ன முறை?

இந்தோனேசியாவிலிருந்து ஒரு உதாரணம். 1965-66 படுகொலைகளைச் செய்தவர்களையே கேமரா முன்னால் பேசவைத்த படம் ஜோஷுவா ஓப்பன்ஹைமரின் 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' (2012). அதை அங்கே தியேட்டரிலோ பெரிய மேடையிலோ கொண்டுபோய் இறக்கவில்லை. சென்சாருக்குப் போனால் தடை வரும் என்று அந்தப் பக்கமே போகவில்லை. அழைப்பின் பேரில் சின்னச் சின்ன அறைகளில், ஊர் ஊராகக் காட்டினார்கள். பார்த்தவர்கள் அவரவர் ஊரில் மறுபடி காட்டினார்கள். நாட்டுக்குள் பேச்சு தொடங்கியது அப்படித்தான்.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது மூன்று விஷயம். முதலாவது, கஷ்டமான படத்தைத் தனியாகக் காட்டக் கூடாது. 'டீமன்ஸ் இன் பாரடைஸ்' போட்டால் அதே நாளில் 2009-ன் கடைசி மாதங்களைப் பேசும் 'நோ ஃபயர் ஸோன்', ராஜினியைப் பற்றிய 'நோ மோர் டியர்ஸ் சிஸ்டர்' இரண்டும் இருக்கணும். இலங்கையில் முதல் படத்தைப் பகிரங்கமாகக் காட்டுவது லேசான காரியம் இல்லை என்பது தெரியும். சிரமம் எவ்வளவு என்பதை அதுவே சொல்கிறது. ஒரு படம் தனியாக வந்தால் தீர்ப்பு மாதிரித் தெரியும். மூன்றாக வந்தால் வழக்கு மாதிரித் தெரியும், வழக்கில் எல்லாரும் பேசலாம். இரண்டாவது, எதிர்ப்பு வரும் என்று தெரிந்த ஆட்களைப் படம் போடும் நாளில் சந்திக்கக் கூடாது. ஒரு மாதம் முன்னாலேயே, அவர்கள் வீட்டுத் திண்ணையில் சந்திக்கணும். படத்தை அவர்களுக்கு முதலில் காட்டணும், அனுமதி கேட்பதற்காக அல்ல, மேடையில் வந்து படத்தைத் திட்டுவதற்கான அழைப்போடு. மூன்றாவது, படம் முடிந்த பிறகு பேசும் நேரம் படத்தின் நீளத்துக்குக் குறையக் கூடாது. பத்து நிமிடக் கேள்வி-பதிலை வைத்துக்கொண்டு முப்பது வருட மௌனத்தை உடைக்க முடியாது.

படத்தை எடுத்துவிட்டதால் அன்றைக்கு இழந்தது படம் இல்லை. படத்தைத் தேடி எங்கேயாவது பார்த்துவிடலாம். இழந்தது அந்த அறை. டெலோவில் மகனைக் கொடுத்தவரும், புலிகளில் அண்ணனைக் கொடுத்தவரும் ஒரே இருட்டில் தொண்ணூறு நிமிடம் உட்கார்ந்திருக்கும் அறை. அதை எந்தச் செயலியும் தராது. கான் நகரத்துக் கடற்கரையில் இருந்தவர்கள் அந்தப் படத்தை முதலில் பார்த்தார்கள். யாருடைய கதையோ அவர்களுக்கு அவர்களுடைய விழாவில் பார்க்கக் கிடைக்கவில்லை. இந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை.

தருமபுரியில் விழா நடத்த ஆசைப்படும் நண்பர்களுக்கு ஒரு யோசனை. அழைப்பிதழ் அடிப்பதற்கு முன்னால், மண்டபம் பிடிப்பதற்கு முன்னால், குழுவில் ஒவ்வொருத்தரும் ஒரு துண்டுச்சீட்டில் ஒரு படத்தின் பெயரையோ ஒரு விஷயத்தையோ எழுதுங்கள்: "இதை நம்ம ஊரில் போட முடியாது." சீட்டுகளைப் பிரித்துப் படியுங்கள். அதில் எது அதிகமாக வருகிறதோ அதற்கு ஒரு வருடம் வேலை செய்யுங்கள். மீதிப் படங்களை எவர் வேண்டுமானாலும் போடலாம்.